நான்காம் வீடு

அரண்மனை கிடைத்ததா என்று கேட்கிறார்கள் தொலைபேசியில்.
இல்லை.
காசு? முத்திரை?
பெயர் கீறிய ஒரு பானையோடாவது?
வீடுகள், என்கிறேன். அடுப்புச் சாம்பல், மீன்முள்,
சங்கு அறுத்த கழிவு, நண்டுக்கால்.
மறுமுனையில் ஒரு பெருமூச்சு.
பிறகு ஆற்றங்கரையின் காற்று மட்டும்.

கடலுக்குத் தர எதுவுமில்லாமல்
வைகை வந்து நிற்கிற இடம்.
உடைமரம் வெட்டி, கயிறு கட்டி,
ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டராய்
ஒரு தெருவைத் திறந்திருக்கிறோம்.

முதல் வீடு பதினான்கு சதுர மீட்டர்.
இரண்டாவது பதின்மூன்றரை.
மற்ற இரண்டும் ஏறக்குறைய அப்படித்தான்.
நடுவில் உறைகிணறு,
எல்லா வாசலுக்கும் எட்டு எட்டுத் தூரத்தில்.
இந்த அடுக்கில் யாருக்கும் யாரும் ராஜா இல்லை
என்று எழுதலாம். எழுதவில்லை.
மண்ணை அவ்வளவு நம்ப முடியாது.

ஒரு முழம் மேலே
நான்காம் வீடு நகரத் தொடங்குகிறது.
முதலில் ஒரு சாண்.
அடுத்த தரையில் இன்னும் இரண்டு.
அதற்கும் மேல் புதுச் செங்கல் சுவர்,
கிணறு சுவருக்கு உள்ளே.

எங்கோ காடு மூடிய மாயன் நகரங்களில்
அடுப்படிகளை அளந்து அளந்தே
அரசர்கள் முளைத்த விதத்தைத் தேடுகிறார்களாம்.
எனக்குக் கிடைத்தது சுவருக்கு வெளியே:
மிதிபட்டு இறுகிய மண்ணில் ஒன்பது குழிவுகள்.
ஒவ்வொன்றும் ஒரு பானையின் அடி.
வைத்து, நகர்த்தி, வைத்து,
காத்து நின்ற வரிசை.

"உள்ள வச்சுக்கிட்டானா?" என்றாள் நம்புநாச்சி,
தூரிகையை நிறுத்தாமல்.
"அவன்னு எப்படிச் சொல்றே?"
"அவளாத்தான் இருக்கட்டுமே.
நின்னவளுக்குக் காலு ஒரே மாதிரிதான் வலிச்சிருக்கும்."

செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரி.
பத்தரைக்குத்தான் வந்தாள், இடுப்புவரை சேலை நனைந்து.
பதிவேட்டில் அரை நாள் போட்டேன்.
விதி அப்படி.
கையெழுத்து என்னுடையது.

அன்று மாலை, மேலடுக்கைச் சுரண்டும்போது
சுவரில் ஓர் இடைவெளி.
வாசலா, உடைப்பா?
செங்கற்கள் உள்நோக்கி விழுந்து கிடக்கின்றன.
வெள்ளமும் அப்படித் தள்ளும்.
தோளும் தள்ளும்.
'காரணம் தெளிவில்லை' என்று எழுதினேன்,
எழுதியதை ஒருமுறை அடித்து
மறுபடி அதையே எழுதினேன்.

தார்ப்பாய் போர்த்துமுன்
நம்புநாச்சி குழிக்குள் இறங்கி
அந்த இடைவெளியில் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தாள்,
வெறும் இடுப்பில்
ஒரு குடத்துக்கு இடம் விட்டு.
சரியாக இருந்தது.