உப்பிட்ட வண்டி

முதலில் தெரிந்தது கால்விரலுக்குத்தான்.
பிரேக் மிதித்தபோது கம்பளத்தில் ஈரம்.
"ஏர்கோன் தண்ணியா இருக்கும்" என்றார் செல்வநம்பி,
எதையும் ஏர்கோன் மேல் போட்டுவிடுகிற மனிதர்.

ஞாயிறு மதியம், ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே
கம்பளத்தைப் பிய்த்தெடுத்தேன்.
ஓட்டுகிற இருக்கையின் முன்னால்
இருபது சென் அளவு வெளிச்சம்.
குனிந்தால், என் கார் வழியே தரை.
எறும்பொன்று போய்க்கொண்டிருந்தது
தன் வேலையாக.

தொண்ணூற்றெட்டாம் வருடத்துக் கான்சில்.
வாங்கிய நாளில் அடிவயிறு கன்னங்கரேலென மின்னியது.
"தார் அடிச்சிருக்குக்கா, இனி பயமே இல்ல."
விற்றவன் பொய் சொல்லவில்லை. தார் இருந்தது.
விரலால் அழுத்தினால் அப்பளம் நொறுங்கும் ஓசை.
பூசணிக்காயாவது சோற்றுக்குள் சும்மா கிடக்கும்.
துருவை மூடி வைத்தால்
அது சோற்றையும் தின்றுவிடும்.

ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போகக்கூடாது.
ஆ ஹொக்கிடம் இரண்டு ஸ்டாண்ட் இரவல் வாங்கி
பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து
மல்லாந்து நுழைந்தேன்.

ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால்
நல்ல தகடு ணங் என்கிறது.
கெட்டது தொப்.
ணங். ணங். தொப்.
கதவுக்குக் கீழ்ப்பட்டியில் தொப்.
பின்சக்கரக் குழியில் தொப், தொப்,
அங்கே பிடி உள்ளேயே போய்விட்டது.
செம்பொடி கண்ணில் கொட்டியது, உதட்டில் கொட்டியது.
நாக்கில் பட்டதும்
கரித்தது.

கடலைக் குற்றம் சொல்ல வழியில்லை.
ஏழு வருடமாக விடியற்காலை நாலரைக்கு
பத்து மாவுங் படகுத்துறையிலிருந்து
பின்னால் இரண்டு மீன்பெட்டி.
கெம்புங், செலார், அதிர்ஷ்டமிருந்தால் வாவல்.
ஐஸ் கரைந்து, வளைவுகளில் தளும்பி,
ஸ்பேர் டயர் குழியில் குளம் கட்டி,
சந்தை வந்து சேர்வதற்குள்
சொட்டுச் சொட்டாய் எல்லா மடிப்புக்கும் போய்ச் சேரும்.
ஊட்டியது நான்தான். என் கையால்தான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த வண்டியைப்போல் நினைத்தவர் கிடையாது.
தகட்டின் தையலில்,
குழாய்த் தண்ணீர் எட்டாத மூலையில் வைத்து
இரவும் பகலும் நினைத்திருக்கிறது.

"இரும்புக்கடையில போட்டா அறுநூறு வெள்ளி."
செல்வநம்பியின் செருப்பு மட்டும் தெரிந்தது எனக்கு.
செருப்புக்கு என்ன பதில் சொல்வது?
கம்பி பிரஷ்ஷை எடுத்தேன்.

தார் முழுக்கச் சுரண்டி
வெள்ளித் தகடு சிரிக்கும்வரை தேய்த்தேன்.
மூன்று ஞாயிறு போனது.
ஓட்டைகளுக்குப் புதுத் தகடு வைத்து
ஆ ஹொக் வெல்டிங் அடித்தான்,
பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒதுக்கிவிட்டு.
எண்பது கேட்டான்.
ஐம்பதும் இரண்டு கிலோ செலாரும் கொடுத்தேன்.
மருந்து பூசியதும் மிச்சத் துரு கறுத்துப்போனது.
அதன்மேல் பிரைமர். அது காய்ந்தபின் பெயிண்ட்.
பட்டிக்குள்ளே நீளக்குழல் விட்டு மெழுகு.
அப்புறம்தான் தார். எல்லாவற்றுக்கும் அப்புறம்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை எனக்கு:
கதவுகளின் அடியில் சின்னத் துளைகள் உண்டு,
செய்தவர்களே தண்ணீர் வடிய விட்டவை.
அங்சானா இலையும் மீன்செதிலும் அடைத்திருந்தன.
கொண்டை ஊசியால் குத்தினேன்.
எந்த வருடத்து மழையோ,
ஒரு டம்ளர் பழுப்பாய் வழிந்து
என் முழங்கை வரை வந்தது.

இப்போது பெட்டிகளுக்கு அடியில் பிளாஸ்டிக் தொட்டி.
பெருக்கு நாளில் ரோட்டில் கடல் ஏறினால்
சுற்றிப் போகிறேன், பத்து நிமிடம் அதிகம்.
முடியாத நாளில் அன்றிரவே ஹோஸ் பிடித்து
அடிவயிற்றைக் கழுவுகிறேன்;
காவலாளி தண்ணீர் பில்லைப் பற்றி முனகுவார்.

நேற்று நாலே கால். படியிறங்கும்போது பார்த்தேன்:
செல்வநம்பி கார் பக்கத்தில் குந்தியிருந்தார்,
வீட்டுச் சாவியால் பட்டியைத் தட்டிக்கொண்டு,
தலையைச் சாய்த்துக் காது கொடுத்து.

ணங்.

அவர் எழுந்து கைலியை உதறும்வரை
மாடிப்படியிலேயே நின்றேன்.