வராத வேனுக்கு முன்

நாலே முக்காலுக்கு அலாரம்.
ஐந்தரைக்குக் கம்பெனி வேன்
பண்ணந்தூர் பிரிவு ரோட்டில்.
இடையில் நாற்பத்தைந்து நிமிடம்.
பல் விளக்க, குளிக்க, சோறு கட்ட
முப்பத்து மூன்று போய்விடும்.
மிச்சம் பன்னிரண்டு என்னுடையது.

கேஸ் அடுப்புக்கு இடப்பக்கம்
அரிசி டின் மூடிமேல்
போன வருஷத்து பேட்ச் சீட்டுகள்.
பின்பக்கம் வெள்ளை.
நிமிடத்துக்கு ஒரு வரி.
நன்றாக வந்தாலும் பன்னிரண்டு
நாறினாலும் பன்னிரண்டு.

சம்பளம் தரும் வேலை
மாங்கூழின் இனிப்பை அளப்பது.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
வெளிச்சத்தின் பக்கம் திரும்பினால்
உள்ளே எண் தெரியும்:
பதினைந்து, பதினைந்தரை.
பதினாலுக்குக் கீழே இறங்கினால்
சூப்பர்வைசர் லோகேஷ்
லோடு கொண்டுவந்தவரைத் தேடிப் போவார்.
என் வரியை
எந்தக் கண்ணாடியில் வைப்பது?
முதல் வருஷம் பூரா
இதைக் கேட்டே பாதிச் சீட்டு வீண்.
அப்புறம் பார்த்தேன்,
நான் அளந்து முடிக்கும்வரை
கூழ் ஒன்றும் குழாயில் நிற்பதில்லை.

ஒரு நாள்
"பெங்களூரா மாங்காயின் மூக்கு
எங்கள் தாசில்தாரின் மூக்கு"
என்று தொடங்கி அதோடு நின்றது.
மீதிப் பத்து வரியிலும்
கறிவேப்பிலை வாங்க வேண்டும்
என்றே எழுதி முடித்தேன்.
சாயங்காலம் வாங்கவும் செய்தேன்.

கட்டிங் லைன் திம்மக்கா
என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.
"என்ன கண்ணு, காலையிலேயே மை?"
"கணக்குக்கா."
"கடன் கணக்கா?"
"ஆமாக்கா. தினம் பன்னிரண்டு கட்டணும்."
கத்தியைத் துடைத்தபடி கேட்டாள்:
"வட்டியா, அசலா?"

ஆகஸ்டில் சீசன் முடிந்தது.
குழாய்களைக் கழுவி ஷட்டர் இறக்கியதும்
"மே மாசம் போன் பண்றேன்" என்றார் லோகேஷ்.
ஒன்பது மாசம் என் கையில்.
இனிமேல் காலை முழுக்க எழுதலாம் என்று
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுக் கடையில்
கோடு போடாத நோட்டு வாங்கினேன்,
நூற்றுப் பத்து ரூபாய், கெட்டி அட்டை.
முதல் பக்கத்தில் பெயர்.
இரண்டாம் பக்கத்தில் தேதி.
மறுநாள் அந்தத் தேதியை அடித்துவிட்டு
அன்றைய தேதி.
மூன்று வாரம்
தேதியை மட்டுமே திருத்திக்கொண்டிருந்தேன்.

நேரம் இருந்தது, வாளி வாளியாக.
கூழ் கொதிக்கையில் மேலே கட்டும் நுரை மாதிரி
அள்ளினால் கரண்டியில் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு விடியலில் ஹாரன்.
பால் வேன்தான்.
உடம்புக்கு அது தெரியவில்லை.
எழுந்து விளக்கைப் போட்டு
அரிசி டின் பக்கத்தில் நின்றபடியே
பழைய சீட்டு ஒன்றில் எழுதினேன்.
எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.
எட்டு வரி உருப்படாது.
நாலில் ஒன்று
இன்னும் பர்ஸில் இருக்கிறது.

இப்போதும் நாலே முக்காலுக்கு அலாரம்.
குளித்து, சோறு கட்டுகிறேன்.
(எட்டரைக்கு நானே பிரித்துத் தின்பேன்.)
ஐந்தரைக்குப் பேனாவை மூடிப்
பிரிவு ரோடு வரை நடந்து
கொஞ்ச நேரம் நின்று திரும்புகிறேன்.
வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார்,
"அந்த வேன்காரன் சம்பளம் போடறானா?"
பதில் சொல்லாமல்
அவருக்கும் ஒரு டிபன் பாக்ஸ் கட்டினேன்.

கெட்டி அட்டை நோட்டில்
பையன் லாரிகள் வரைகிறான்.
எல்லா லாரிக்கும்
ஓசூர் பதிவெண்.

தை பிறந்து இரண்டு வாரம்.
ரோட்டோரத் தோப்பு பூவெடுத்திருக்கிறது.
பனி கடுமை. எத்தனை நிற்குமோ.
இன்றைக்குப் பதினோரு வரிதான் வந்தது.
பன்னிரண்டாவதை
நடந்துகொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
எதிரே வந்த சைக்கிள்காரர்
காலை ஊன்றி நின்று
"என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்றார்.
"இல்லைங்க" என்றேன்.
"வேனுக்கு நிக்கிறேன்."