பன்னிரண்டாம் பக்கத்துக் கை

வால்டிவியாவில் ஜூலை மாதம்
நீர்வண்ணம் காய்வதில்லை.
காலையில் பூசிய ஆற்றைச்
சாயங்காலம் தொட்டால்
விரலோடு வந்துவிடுகிறது.
விறகடுப்புக்கு மேலே கொடி கட்டிப்
பக்கம் பக்கமாய்த் தொங்கவிட்டேன்.
அறைத்தோழி ஹசிந்தா
தன் காலுறைகளையும் அதிலேயே போட்டாள்.
ஒன்பதாம் பக்கத்து வானத்தில்
கம்பளி இழை ஒன்று ஒட்டிக்கொண்டது.
எடுக்கவில்லை.
பறவை என்று வைத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு பக்கம்.
தலைப்புக்கு, நன்றிக்கு, பதிப்பு விவரத்துக்கு என்று போகக்
கதைக்கு மிஞ்சுவது இருபத்தாறு.
கதை இதுதான்:
மீன்சந்தைக்குப் பின்னால், ஆற்றுப் படிக்கட்டில்
ஒரு கடற்சிங்கம் வந்து படுக்கிறது.
போகமாட்டேன் என்கிறது.
இதற்கு நாற்பது வாக்கியம் எழுதியிருந்தேன்.
'அது மிகப் பெரிதாக இருந்தது' என்று ஒன்று.
பெரிதாக வரைந்த பிறகு அந்த வாக்கியம்
கல்யாண வீட்டில் யார் பக்கம் என்று தெரியாத விருந்தாளியாய்
ஓரத்தில் நின்றது.
அடித்தேன்.
அடிக்க அடிக்க ஏழு மிஞ்சியது.
ஏழில் ஒன்று வெறும் 'ம்'.

நடுமடிப்பைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.
எச்சரித்தார்கள், நான் கேட்கவில்லை.
இரண்டு பக்கமும் பரந்து படுத்த விலங்கின் கண்
சரியாக மடிப்பில் விழுந்தது.
தைத்ததும் நூல் அதை விழுங்கிவிட்டது.
கண்ணை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்த
மூன்று நாள்.

நகல்கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து
நானே ஊசி நூலால் தைத்த மாதிரியைச்
சந்தைக்குக் கொண்டுபோனேன்.
கதையில் மீன்தலை வீசுகிறவர்
நிஜத்திலும் அங்கே இருக்கிறார்: ரெமிஹியோ,
கடைசிக்கு முந்தின கடை.
மகள் அயெலேனுக்கு ஐந்து வயது.
ஐஸ் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து
கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினாள்.
கடற்சிங்கம் படியிலிருந்து பின்பக்கமாய் நழுவி
ஆற்றுக்குள் போயிற்று.
கதை அப்படியும் நின்றது.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டில் நிறுத்தினாள்.
செதில் ஒட்டிய சுட்டுவிரலை வைத்து
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு.
மறுபடி முதலிலிருந்து.
"இது யாரு?"
உன் அப்பா.
"இல்ல."

ரெமிஹியோவின் வலக்கையில் மூன்று விரல்.
படகில் கயிறிழுக்கும் உருளை
மற்ற இரண்டையும் கொண்டுபோன கதை
சந்தை முழுக்கத் தெரியும். எனக்கும்.
குறிப்பேட்டில் பத்துப் பன்னிரண்டு தடவை
அந்தக் கையை உள்ளபடியே வரைந்திருக்கிறேன்.
புத்தகத்துக்குள் வரும்போது மட்டும்
அவரைக் கேட்காமல் இரண்டு விரல் கொடுத்தேன்.
மரியாதை என்று நினைத்தேன்.
குழந்தைகள் பயந்துவிடும் என்று நினைத்தேன்.
எந்தக் குழந்தை?

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
"மீன் நல்லா வந்திருக்கு" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஒரு காங்ரியோ தலையை எடுத்து
முதுகுக்குப் பின்னால், திரும்பாமலே, வீசினார்.
கீழே தண்ணீரில்
ஒரு வாய் திறந்து மூடும் சத்தம்.

இரவு சவர பிளேடால் சுரண்டினேன்.
சுண்டுவிரல் உடனே வந்துவிட்டது.
மோதிரவிரலில் வண்ணம் ஆழமாய் இறங்கியிருந்தது.
கனத்த பருத்திக் காகிதம்
மாவாய் உதிர்ந்தது மடியில்.
என்ன பண்ணுகிறாய் என்றாள் ஹசிந்தா.
விரல் எடுக்கிறேன்.
அவள் ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டுப்
படுக்கப் போனாள்.

அந்த இடத்தில் காகிதம் மெலிந்துவிட்டது.
விளக்குக்கு நேரே பிடித்தால்
கை முடிகிற இடத்தில்
இரண்டு கோடாய் வெளிச்சம் வருகிறது.
ஸ்கேன் செய்தால் இது தெரியாது.
அச்சில் அங்கே வெறும் சாம்பல் இருக்கும்,
மழை இருக்கும்.

மெலிந்த இடத்தில் மறுபடி மழையைப் பூசினேன்,
கிழிந்துவிடாமல், ஒரே தீற்றல்.
வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.
ஹசிந்தாவின் காலுறைகளுக்கு நடுவே
பன்னிரண்டாம் பக்கம் தொங்குகிறது,
இன்னும் ஈரமாய்.