கட்டு

டிராம் தண்டவாளத்தின் பள்ளம்
என் சைக்கிள் சக்கரத்துக்கு அளவெடுத்தது போலிருந்தது.
முதுகுப் பெட்டியில் யாருடையதோ நூடுல்ஸ்.
மூன்று நிமிடம் தாமதம் என்று
போன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
வூச் நகரத்து ஜனவரி ஈரத்தில்
இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சத்தம்.
எனக்குள்ளிருந்து வந்தது என்று புரியக்
கொஞ்ச நேரமாயிற்று.

மருத்துவமனையில் ஒரு பெண்
என் கால்சட்டையைத் தையலோரமாகவே வெட்டிக்கொண்டு போனாள்.
ஓவர்லாக். நாலு நூல்.
வலியிலும் பார்த்தேன்.
ஆறு வருஷம் திருப்பூரில் பிசிறு வெட்டியவன்,
கண் தன் வேலையை விட்டுக்கொடுக்காது.
பிறகு படிவம். பெயர். பிறந்த தேதி.
தகவல் தெரிவிக்க வேண்டியவர், இந்த நாட்டில்.
அந்தக் கோட்டை அப்படியே விட்டேன்.
கோடு நீளமாகத்தான் இருந்தது.

நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.
ஒரு காலத்தில் நெசவாலைக்காரர்கள் குடியிருந்த கட்டடம்.
ஆலை இப்போது கடைவளாகம்.
அங்கே தொங்கும் பனியன்களின் கழுத்தோரத்தில்
சில நாள் என் ஊர் இருக்கும்,
தன் பெயர் போடாமல்,
நாட்டின் பெயர் மட்டும் போட்டுக்கொண்டு.

அறைத்தோழன் ஷுக்ரத், புகாராக்காரன்.
இரவுப்பணி முடிந்து வந்து
கைக்கு எட்டும் தூரத்தில் தேநீர் வைத்துவிட்டுத் தூங்குவான்.
அம்மாவுக்கு வீடியோவில்
மார்புக்கு மேல் மட்டும் நலமாக இருக்கிறேன்.
"ஏன்டா எப்பப் பாத்தாலும் உக்காந்தே இருக்கே?"
"பனிம்மா. லீவு விட்டுட்டாங்க."
இரண்டு மாதமாக லீவு.
அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.
நம்பியதால்தான் என்று நான் நம்பவில்லை.

மூன்றாம் மாடி யகோதா டிராம் ஓட்டுகிறாள்.
பதினொன்றாம் எண்.
ஒருநாள் கதவைத் தட்டி
தண்டவாளத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்பவள்போல
ஒரு காய்க்கட்டை நீட்டினாள்.
காரட், செலரிக் கிழங்கு, வோக்கோசு வேர்,
துணைக்கு ஒரு லீக் தண்டு,
ரப்பர் பேண்டு போட்டு, மண்ணோடு.
சூப்புக்காம்.
பெயர் சொன்னாள், வாயில் நுழையவில்லை.
போனில் தேடினால்: இத்தாலிச் சாமான்.

இத்தாலியா?
தோளைக் குலுக்கினாள்.
எப்போதோ இங்கே கட்டிக்கொண்டு வந்த ராணியோடு
வந்ததென்று பள்ளியில் சொன்னார்களாம்.
"சூப்புக் காய். அவ்வளவுதான்.
நீ கேட்கிற வரைக்கும்
அதில் இத்தாலி இருப்பது என் காதில் விழுந்ததே இல்லை."

அவள் போன பிறகு
நாற்காலிமேல் மாவுக்கட்டும்
மேசைமேல் காய்க்கட்டும்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.
இத்தனை காலம் இந்த மண்ணில் விளைந்தும்
பெயரில் இன்னும் வெளியூர்.
பாவம் என்று நினைத்தேன்.
கொஞ்சம் கழித்து, பாவமில்லை என்று.
அப்புறம் பசித்தது.
நான் மிளகு தட்டிப் போட்டேன்,
ஷுக்ரத் சீரகம் போட்டான்.
கீழே போய் யகோதாவைக் கூட்டி வந்தான்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே
அவள் இரண்டாம் கிண்ணம் கேட்டாள்.
அன்று நாங்கள் குடித்ததற்கு
எந்த நாட்டிலும் பெயரில்லை.

கட்டுப் பிரித்தபோது உள்ளே வேறு யாருடையதோ கால்.
மெலிந்து, தோல் உதிர்ந்து,
மயிர் மட்டும் முன்னைவிட அடர்ந்து.
"எண்ணிக்கொண்டே மடக்கு" என்றான் ரிஷார்ட்.
போலிஷில் ஆறு வரை போனேன்.
அடுத்தது தானாக
ஏழு என்று வந்தது.
நாக்கு மடிந்த அளவுக்கு
முட்டி மடியவில்லை.
அவனுக்குப் புரியவில்லை,
ஆனாலும் எட்டுக்காகக் காத்திருந்தான்.

வெளியே வருமுன்
மறுபடியும் அதே படிவம், அதே கோடு.
அவள் குடும்பப்பெயர் எனக்குத் தெரியாது.
எழுதினேன்:
யகோதா, மூன்றாம் மாடி, பதினொன்றாம் எண் டிராம்.
வரவேற்பறைப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.
"உறவுமுறை?"

கீழ்வீடு என்றேன்.
அவள் என்ன தட்டச்சு செய்தாள் என்று
எட்டிப் பார்க்கவில்லை.
ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு
நிறுத்தத்துக்கு நடந்தேன்.