ஒன்பது மூலை ஏரிக்கு

"கார்தான்" என்கிறாய்.
வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப் போவது.
வெள்ளை நிறம், கியர் மாற்றும் வேலை இல்லை.
மயூர் விஹாரில் ஆறு மணிக்குக் கிளம்பினால்
ஹாப்பூர் தாண்டிப் பரோட்டா,
முராதாபாதில் தேநீர்,
வெயில் சாய்வதற்குள் நௌகுசியாதால்.

கைப்பேசியைத் திருப்பிக் காட்டுகிறாய்.
மூன்று நாளைக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு.
முன்பணம் ஐயாயிரம், அது திரும்பி வந்துவிடும்.
பெட்ரோல் நம் கணக்கு.
கீறல் விழுந்தால் அதுவும்.

வெண்டைக்காய்க்குக் காம்பு நறுக்கிக்கொண்டே
"ரயிலில் போகலாமே" என்கிறேன்.

"ஏன்?"

ஏனென்றால்
ஒன்றாம் தேதி காலை
என் போனுக்கும் சேர்ந்து வருகிற வங்கிச் செய்தி
இந்த மாதம் வரவில்லை.
ஏனென்றால் மூன்று வாரமாக
வாஷிங் மெஷினில் போடுமுன் உதறினால்
உன் கால்சட்டையின் பின்பக்கத்திலிருந்து
புல் விழுகிறது.
நொய்டாவில் உன் அலுவலகம் பதினோராவது மாடியில்.
அங்கே புல் முளைத்ததாக
நீ சொன்னதில்லை.

ஏரிக்குப் போகலாம் என்று ஆரம்பித்ததும் நீதான்.
லீவு கிடைத்துவிட்டது என்றாய்.
அதைச் சொல்லும்போது மட்டும்
சட்டைப் பொத்தானைப் பார்த்தாய்.

"மலைப்பாதையில் எனக்கு வாந்தி வரும்"
என்கிறேன்.

வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு.
நீ அந்த ஜன்னலில் தலையை நீட்டி ஓங்கரிக்க
நான் இந்த ஜன்னலோரம்
கடலை மிட்டாய் தின்றுகொண்டு வந்தேன்.
மறந்திருக்க மாட்டாய்.
கத்தியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"காத்கோதாமில் இறங்கினாலும்
மலை ஏறத்தானே வேண்டும்?"

"அது ஒரு மணி நேரம்.
பொறுத்துக்கொள்வேன்."

எதையோ கூட்டிப் பார்க்கிறாய், உதடு அசைய.
தோள் ஒரு விரல் கடை இறங்குகிறது.
"சரி, உனக்காக" என்கிறாய்.
"எனக்காகத்தான்."

ராணிகேத் எக்ஸ்பிரஸ், இரண்டாம் வகுப்புப் படுக்கை.
படுக்கை என்பது பேருக்கு.
சபேசன், ஆண், 43, ஆர்ஏசி 21.
மங்கையர்க்கரசி, பெண், 41, ஆர்ஏசி 22.
ஒரு பக்கவாட்டுப் பலகையை இரண்டாகப் பிளந்து
ஆளுக்குப் பாதி.
காரில் என்றால் இரண்டு பேரும்
சாலையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கலாம்.
இதில் எதிரெதிர்.
என் இடுப்போரம் உன் பாதம்,
உன் இடுப்போரம் என் பாதம்,
ராத்திரி முழுக்க.

படுக்கும்முன் ஏரியைப் பற்றி வாசித்துக் காட்டுகிறாய்.
ஒன்பது மூலை இருக்கிறதாம்.
ஓரிடத்தில் நின்றபடி ஒன்பதையும் பார்த்தவர்
யாருமே இல்லையாம்.
"எட்டு தெரிந்தால் போதும்" என்கிறேன்.
நீ சிரிக்கவில்லை.
விளக்கை அணைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை. எட்டரை மணிக்கே
டிபன் டப்பாவோடு போனவன்
சாயங்காலம் மருந்துக்கடைப் பையோடு வருகிறாய்.
வாந்தி மாத்திரை. ஒரு அட்டை, பத்து.
"ஏறும்போதே ஒன்று போட்டுக்கொள்,
அப்போதுதான் கேட்கும்."
நாலைந்து கடை ஏறி இறங்கியிருப்பாய் போல,
காலர் நனைந்திருக்கிறது.

இல்லாத நோய்க்கு
இல்லாத காசில்.

பையில் வைக்கும்போது அட்டையின் பின்புறம் பார்க்கிறேன்.
பொடி எழுத்து. கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது.
தூக்கம் வரும் என்று எழுதியிருக்கிறது.

உன் எதிரே விழுங்கத்தான் வேண்டும்.
நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பித் துப்பிவிடலாம்.
காஜியாபாத் வரை நீ டீ, பிஸ்கட் என்று
எதையாவது பேசிக்கொண்டு வருவாய்.
அப்புறம் வண்டி வேகம் பிடிக்கும்,
மேல் பலகையில் யாரோ குறட்டை விடுவார்கள்,
நீல விளக்கு மட்டும் எரியும்.

ராம்பூர் வரைக்குமாவது
விழித்திருக்கலாம் என்று இருக்கிறேன்.