தகுதிகாண் காலம்

வேலை கிடைத்துவிட்டது என்றேன்.
கவர்மெண்ட் வேலையா என்றார் அப்பா.
இல்லை.
அப்ப கம்பனியா?
கம்பனி மாதிரிதான், ஆனால் லாபம் எடுக்காது.
தேத்தண்ணிக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்:
நட்டத்துலயா ஓடுது?

அம்மா கேட்டது ஒன்றுதான்.
ஈபிஎப் பிடிப்பாங்களா?

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
அடகுக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் எங்கள் அலுவலகம்.
மூன்று மேசை, இரண்டரைக் கதிரை.
சுவரில் எங்கள் தொலைநோக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள்,
அதன் கீழ்விளிம்பு வரை ஈரம் ஏறியிருந்தது.
பேராதனையில் நான்கு வருடம்
வறுமைக்கு ஏழு வரைவிலக்கணம் படித்தேன்,
ஏழும் பரீட்சையில் வந்தன.
இங்கே முதல் வாரம் படித்தது
போட்டோகொப்பி மெஷினின் இடது கன்னத்தில் தட்டினால்
விழுங்கிய பேப்பரைத் துப்பிவிடும் என்பதை.

இரண்டாம் வாரம் கொழும்பிலிருந்து ரொஷேல் மிஸ் எடுத்தார்.
சவர்க்கார உறையில் போட ஒரு கதை வேண்டும்,
காய்ச்சும் பெண்ணின் கதை, நாற்பது சொல்லுக்குள்.
படமும் வேண்டும். கொழுந்துக் கூடையோடு என்றால் நல்லது.

அட்டைக்கு உப்பு, மழைக்குக் குடை, கதைக்கு ஒரு படிவம்.
லோவர் டிவிஷனில் பழைய பிள்ளைமடுவம்தான் இப்போது பட்டறை.
பதினொரு பெண்கள். சேரைப்புல் வாசம் படலை வரை வந்தது.

கூடையா?
பரமாயி அகப்பையை நிறுத்தவில்லை.
மலைக்குப் போறத விட்டு ஆறு வருசம்.
கழுத்தெலும்பு தேஞ்சு
டிக்கோயா ஆஸ்பத்திரியில பட்டி போட்டுக் கெடந்தது
அந்தக் கூடையாலதான்.
சவுக்காரம் காய்ச்சுறவள சவுக்காரத்தோட எடுங்க.

எடுத்தேன். கண்ணை மூடிவிட்டாள். இன்னொன்று எடுத்தேன்.

பிறகு அவள் என்னைப் பேட்டி எடுத்தாள்.
கொழும்புல ஒரு கட்டி என்ன வெல?
எழுநூற்றைம்பது.
எங்களுக்கு நூத்திப்பத்து.
ஆமாம்.
நடுவுல உள்ளது?
எண்ணெய், பெட்டி, லொறி, கடைக்காரர் பங்கு என்று
விரல் மடக்கிக்கொண்டே போனேன்.
கடைசி விரலில் கொஞ்சம் தயங்கி,
என் சம்பளம் என்றேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை.
புள்ள படிச்சிருக்கு, சம்பளம் வேணுந்தானே.
சும்மா கேக்கேன்,
எத்தன கட்டி ஒங்க சம்பளம்?

நோர்வூட் தாண்டும் வரை வகுத்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறை நூற்றிப்பத்தால்.
மீதி வரவில்லை. வந்திருந்தால்
அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்திருப்பேன்.
முன்னூற்றைம்பது.
பதினொரு பேரும் சேர்ந்து ஒரு மாதத்தில் காய்ச்சுவது
நானூறு.

மடியில் இருந்த படிவத்தில்
பயனாளியின் பெயர் என்றொரு கட்டம்.
என் பெயரை எழுதினேன்.
பஸ் வளைவில் சாய்ந்தது.
அடித்துவிட்டேன்,
பேனை தாளின் மறுபக்கம் வரை போயிருந்தது.

கதையும் எழுதி அனுப்பினேன், முப்பத்தொன்பது சொல்.
எண்ணெயின் அளவு, காரத்தின் சூடு,
வெட்டியபின் நாலு வாரம் காயவைக்கும் பொறுமை,
பெயர் பரமாயி.
நல்லா இருக்கு என்றார் ரொஷேல் மிஸ்,
கொஞ்சம் உணர்ச்சி குறைவு.

விலகல் கடிதம் ஒன்று கைபேசியில் கிடக்கிறது,
தேதி போடவில்லை.

இன்று நுவரெலியா.
ஒரு ஹோட்டலின் பின்வாசல், லோண்ட்ரி ஆவி,
கையில் ஆறு மாதிரிக் கட்டிகள்.
வாங்கல் மேலாளர் ஒன்றை முகர்ந்தார், இன்னொருமுறை முகர்ந்தார்.
இதற்கு ஏதும் கதை இருக்கிறதா?
இருக்கிறது சேர், முதலில் எத்தனை வேண்டும் சொல்லுங்க.
கடைக்காரர் நடுவில் இல்லை,
அந்தப் பங்கு காய்ச்சுகிறவர்களுக்கு.
கடைசி வரியை ரொஷேல் மிஸ்ஸிடம்
இன்னும் கேட்கவில்லை.

இருபது, பார்ப்போம் என்றார்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் முதல் தாள் கிழிந்தது.
முன்னூற்றைம்பதில் இருபது.
ஹட்டன் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.
எதிர்ப்பக்கம் மேட்டில் இன்னொரு ஹோட்டல்.
குடையை விரிக்காமலே ஏறத் தொடங்கினேன்,
ஐந்து கட்டியும் உலர்வாகத்தான் இருந்தன.