மேம்பாலத்தில் நிறுத்திய கார்

ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வந்ததும்
சுகிர்தன் சாவியோடு கிளம்பிவிட்டான்.
வேளச்சேரி மேம்பாலத்தில் இந்நேரம்
நாற்பது கார்களாவது ஏறியிருக்கும்,
மூக்கும் வாலும் ஒட்டி,
மேட்டுக்கு ஓட்டிவந்த மாடுகளாட்டம்.
வானத்திலிருந்து இன்னும் ஒரு துளி இல்லை.

நான் தரமணியில்.
மேசைமேல் இரண்டு அக்ரிலிக் தொட்டி,
முன்னும் பின்னும் ஓடக்கூடிய ஒரு பம்பு.
நீர்மட்டத்தைப் பதினெட்டு சென்டிமீட்டரில் நிறுத்தும் வேலை.
எவ்வளவு தண்ணீர் உள்ளே வரும் என்று
பம்புக்குச் சொல்லக் கூடாது,
குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்றும்.
தெரியாது என்பதுதான் ஒப்பந்தம்.

செய்வது இவ்வளவுதான்:
வெற்றுவெளியில் ஒரு கோடு கிழிக்கிறோம்,
பிழையும் பிழையின் வேகமும் சேர்ந்து வரைகிற கோடு.
இந்தப் பக்கம் விழுந்தால் அப்படித் தள்ளு,
அந்தப் பக்கம் விழுந்தால் இப்படித் தள்ளு,
நடுவே யோசிக்காதே.
கோட்டைத் தொட்டுவிட்டால் போதும்,
அதன்மேலேயே வழுக்கிக்கொண்டு
பூஜ்யத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.
வழியில் யார் தட்டினாலும்
காதில் போட்டுக்கொள்ளாது,
தட்டுகிறவன் வலு நம் தள்ளலைவிடக்
குறைவாக இருக்கும்வரை.

அந்த 'இருக்கும்வரை'யில்தான்
என் மூன்று வருடம் போனது.

எவன் வலு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?
அதனால் எண்ணை வளரவிட்டோம்.
கெயின் என்போம் அதை, தள்ளலின் கனம்.
கோட்டைவிட்டு விலகும் ஒவ்வொரு நொடிக்கும்
கொஞ்சம் ஏறும்;
அடிபட அடிபடத் தானே கற்கும்.
நிரூபணம் ஒன்றரைப் பக்கம், அழகாகவே இருந்தது.
ஏறுவதற்கு விதி எழுதினோம்.
இறங்குவதற்கு எழுதவில்லை.

மதியம் ரெஜினா ஒரு குடம் தண்ணீரைத்
தொட்டியில் சாய்த்தாள், வேண்டுமென்றே, ஒரே சாய்ப்பில்.
பம்பு சமாளித்தது. கைதட்டினோம்.
குடம் காலியாகி முக்கால் மணி நேரம் ஆகியும்
கெயின் அந்தக் குடத்துக்காகவே நின்றது.
சும்மா கிடந்த தண்ணீரை
இங்கும் அங்கும் அடித்தது, டடடடவென்று.
பிளாஸ்டிக் தீயும் வாசம்.
அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்து
தையல் மெஷினா ஓடுது என்றார்.

ரெண்டாயிரத்துப் பதினைந்து, டிசம்பர் ஒன்றாம் தேதி இரவு
எங்கள் ஃபிரிட்ஜ் மிதந்தது,
யாரோ கூப்பிடுவதுபோல்
சுவரில் முட்டி முட்டி.
அன்று ஏறிய எண் இன்னும் இறங்கவில்லை.
பரணில் நூற்றிருபது மெழுகுவர்த்தி.
வீட்டுப் பத்திரம் மூன்று உறைக்குள்.
தூறல் விழுந்தால் கட்டில் செங்கல்மேல் ஏறும்.
சுகிர்தன் நடு ராத்திரியில் டார்ச் அடித்து
வாசலில் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணுவான்.
ஐந்து.
மார்ச் மாதத்திலும் ஐந்து.
நான் ஒரு சொல் உரக்கச் சொன்னால்
அவன் நான்கு சொல்வான், அதற்கு நான் ஒன்பது.
எதை எதிர்த்து என்று கேட்டால்
இருவருக்கும் தெரியாது.

சாயங்காலம் விதியில் ஓர் உறுப்பு சேர்த்தேன்.
சின்னது, கழித்தல் குறி போட்டது:
கோட்டருகே அமைதியாக இருக்கும்போது
கெயின் துளித்துளியாக மறக்கட்டும்.
கோட்டுக்கும் ஒரு விரற்கடை அகலம் கொடுத்தேன்,
அதற்குள் அடி கிடையாது, தொடல்தான்.
சும்மா வரவில்லை இது.
இனிப் பதினெட்டு என்றால் ஏறக்குறையப் பதினெட்டு.
அடுத்த குடத்துக்கு
முதல் நொடி தடுமாறும்.
நிரூபணம் மூன்று பக்கமாகிவிட்டது;
"பூஜ்யத்தை அடையும்" என்பதை அடித்துவிட்டு
"பூஜ்யத்தின் அருகே தங்கும்" என்று எழுதினேன்,
தோற்றதுபோலவும் இருந்தது.
சத்தம் அடங்கியதும்
மின்விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

எட்டு மணிக்குப் பறக்கும் ரயிலில் நிற்கிறேன்.
பெருங்குடி தாண்டும்போது அழைக்கிறான்:
மழையே காணோம், காரை இறக்கிடவா?

விதி எழுதியவள் நான்.
உடனே சொல்லியிருக்க வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன்.
காய்ந்த காற்று, சதுப்பு நில நாற்றம்.

ராத்திரி மட்டும் இருக்கட்டும் என்றேன்.
பிறகு, அவன் வைப்பதற்குள்,
ஃபிரிட்ஜைத் தூக்க வேண்டாம்.